புல்லுக்குள் பூஞ்சை இருந்தாலும் வேரைப் பூச்சி தின்னும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேய்ச்சல் நிலம் திட்டுத்திட்டாகப் பழுத்தால் பலரும் உடனே உரம் போடுகிறார்கள், தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். முதலில் ஒரு கைப்பிடி புல்லை இழுத்துப் பாருங்கள். வேரில்லாமல் கையோடு வந்துவிட்டால் மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான். காய்ந்த நடுத்திட்டை விட்டுவிட்டு, பச்சையும் பழுப்பும் சேரும் ஓரத்தில் தோண்டுங்கள். பழுப்புத் தலையோடு, அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப்புழு தட்டுப்படும்.

"பூஞ்சை உள்ள விதைதானே போட்டோம்?" என்று இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. ரைகிராஸ், ஃபெஸ்க்யூ புற்களுக்குள் வாழும் எபிக்ளோயி பூஞ்சை, பூச்சிக்கு ஆகாத ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருள்களை உண்டாக்குவது உண்மை. ஆனால் அது குடியிருப்பது இலையுறையிலும் தண்டிலும். வேரில் அநேகமாக இல்லை. அந்த ஆல்கலாய்டு கீழே இறங்கினால்தான் வேருக்குப் பாதுகாப்பு. இது பூஞ்சை வகைக்கு வகை மாறும். நியூசிலாந்தில் பரவலான ஏஆர்1 என்ற பூஞ்சை வகை, தண்டைத் துளைக்கும் அர்ஜென்டினா கூன்வண்டைத் தடுக்கும், வேர் அசுவினியைத் தடுக்காது. ஏஆர்37 என்ற இன்னொரு வகை அந்த அசுவினியையும் அடக்கும். மெடோ ஃபெஸ்க்யூ புல்லின் பூஞ்சை தரும் லோலின் என்ற ஆல்கலாய்டுகள் வேர்வரை போவதால், வெள்ளைப்புழு அந்த வேரை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே நிலத்தில் இருப்பது எந்தப் பூச்சி என்று தெரிந்த பிறகே விதை வாங்குங்கள்.

அப்புறம், விதை வைக்கும் இடம். இந்தப் பூஞ்சை தாய்ச்செடியிலிருந்து விதை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. சூடும் ஈரமும் உள்ள கிடங்கில் விதைக்கு முன்பே பூஞ்சை செத்துவிடும். விதை நன்றாகவே முளைக்கும், உள்ளே பூஞ்சை இருக்காது. முளைப்புத்திறனை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். உயிருள்ள பூஞ்சை எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய ரைகிராஸை அழிக்காமல் அதன்மேலேயே புது விதை தூவுவதும் ஆபத்து. பழைய புல்லில் உள்ள இயல்பான பூஞ்சை லோலிட்ரெம் பி என்ற நஞ்சைத் தரும். மாடும் ஆடும் தலை நடுங்கி, ஓட்டும்போது கால் பின்னி விழும். இந்தத் தள்ளாட்ட நோய்க்கும் பூஞ்சைக்கும் உள்ள தொடர்பு 1981-இல் நியூசிலாந்தில்தான் தெரிய வந்தது.

கூடவே குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியை விதைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் இந்தப் பூஞ்சை கிடையாது, அதன் வேரோ வெள்ளைப்புழுவுக்கு மிகவும் பிடித்தது.