கன்சோலில் ரேஸ் ஓட்டக் குறைந்த விலையில் திரை வாங்குவது எப்படி?

மோன்சா டிராக்கின் முதல் சிகேன் (வேகத்தைக் குறைக்க வைக்கும் இரட்டை வளைவு). நேர்கோட்டில் 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, 150 மீட்டர் பலகை அருகே பிரேக்கை மிதிக்க வேண்டும். எங்கள் வீட்டு ஹால் டிவியில் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் கேமை மூன்று மாதம் ஓட்டினேன். பத்துக்கு ஏழு தடவை கார் நிற்காமல் நேராகப் போய்விடும். பெடலில்தான் கோளாறு என்று நினைத்து, அதைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டீயரிங் வீலைத் தூக்கிக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய 24 அங்குல மானிட்டரில் அதே கார், அதே டிராக். மூன்றாவது சுற்றிலேயே கார் நினைத்த இடத்தில் நின்றது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 250 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர். திரை 60 மில்லி செகண்ட் தாமதமாகப் படம் காட்டினால், பலகை கண்ணில் படும்போது கார் அதைத் தாண்டி 4 மீட்டர் போயிருக்கும். ஏறக்குறைய ஒரு கார் நீளம். சண்டை கேம் ஆடுகிறவர்கள் இந்தத் தாமதத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ரேஸ் ஓட்டுகிறவர்கள் 4கே (கூர்மையான படம்), ஹெச்டிஆர் (பளிச்சென்ற படம்) என்று பேசிக்கொண்டிருப்போம். என் அனுபவத்தில் ரேஸுக்குத் தாமதம்தான் முதல் விஷயம், அடுத்தது உட்காரும் தூரம். படத்தின் கூர்மை அதற்கும் பின்னால்தான்.

படி 1: செலவு செய்வதற்கு முன் இருக்கிற டிவியைச் சோதியுங்கள்

டிவியின் பட அமைப்புகளில் 'கேம் மோட்' இருக்கும். அதைப் போட்டால், படத்தை மெருகேற்ற டிவி செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். தாமதத்துக்குக் காரணமே அந்த மெருகேற்றல்தான். பல டிவிகளில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளைக்கும் இதைத் தனித்தனியாகப் போட வேண்டும். ஒன்றில் போட்டுவிட்டு கன்சோலை வேறொன்றில் செருகினால் பலன் இல்லை.

எவ்வளவு குறைந்தது என்று நீங்களே அளக்கலாம். போனில் ஸ்லோ மோஷன், நொடிக்கு 240 ஃபிரேம் (படம்) இருந்தால் போதும். கார் உள்ளிருந்து தெரியும் காட்சியை வைத்துக்கொள்ளுங்கள். கேமில் ஒரு ஸ்டீயரிங் தெரியும். உங்கள் கையிலுள்ள ஸ்டீயரிங்கும் கேமில் தெரிவதும் ஒரே படத்தில் விழும்படி போனை வைத்து, ஸ்டீயரிங்கைச் சட்டென்று வெட்டித் திருப்புங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, கை அசைந்த ஃபிரேமுக்கும் திரையில் ஸ்டீயரிங் அசைந்த ஃபிரேமுக்கும் நடுவே எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் 4 மில்லி செகண்டுக்குச் சற்று அதிகம். இதில் கேமின் சொந்தத் தாமதமும் சேர்ந்தே வரும், அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, கேம் மோட் போடாமலும் போட்டும் எடுத்த இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

எங்கள் டிவியில் சாதாரண மோடில் 48 ஃபிரேம், கேம் மோடில் 27. வித்தியாசம் 21 ஃபிரேம், அதாவது 87 மில்லி செகண்ட். மோன்சாவில் அது 6 மீட்டர்! ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்தது. உங்களுக்கும் இப்படி வந்து, டிவியும் எந்நேரமும் உங்களுக்கே கிடைக்கும் என்றால், ஒரு மாதம் அதிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டிவி அம்மாவுடையது. அதனால் எனக்குத் தனித் திரை தேவைப்பட்டது.

படி 2: கன்சோலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். 1080பி (1920×1080 புள்ளிகள்), 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம்) காட்டும் நல்ல 24 அங்குல மானிட்டர் போதும். பிஎஸ்4 60 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்பாது, அதனால் 144, 165 என்ற எண்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 1440பி-யைக் (2560×1440 புள்ளிகள்) குறிவைத்துச் செய்யப்பட்டது. அதற்கு 27 அங்குல 1440பி மானிட்டர் அருமையான ஜோடி.

பிஎஸ்5-க்கு 1440பி வசதி 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பல கட்டுரைகள் 'பிஎஸ்5-க்கு 1440பி வாங்காதே' என்று சொல்லும். அதை இப்போது நம்ப வேண்டியதில்லை. 4கே, 120 ஹெர்ட்ஸ் இரண்டும் முழுதாகச் சேர்ந்து வேண்டும் என்றால் ஹெச்டிஎம்ஐ 2.1 வேண்டும், விலை எகிறிவிடும். குறைந்த செலவில் முடிக்க நினைப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று: 21:9 அகலத் திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டுமே 16:9 படம்தான் அனுப்பும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும், இல்லாவிட்டால் படம் இழுபட்டு வட்டச் சக்கரம் முட்டை வடிவமாகும்.

படி 3: அளவைவிடத் தூரம் முக்கியம்

பெரிய திரை என்றால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். திரையின் அகலம் கண்ணுக்கு எத்தனை டிகிரி கோணத்தை நிரப்புகிறது என்பதைப் பாருங்கள். 55 அங்குல டிவியை 180 சென்டிமீட்டர் தள்ளி சோபாவிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 37 டிகிரி. 27 அங்குல மானிட்டரை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் 60 சென்டிமீட்டரில் வைத்தால் 53 டிகிரி. பாதி அளவு திரைதான், ஆனால் கண்ணை அதிகம் நிறைக்கிறது. வளைவின் உள்முனையைத் தேடிக் கண் ஓடும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மேஜையில் வீலை இறுக்கி ஓட்டுபவர்களுக்கு 27 அங்குலம் என் தேர்வு. 24-உம் தப்பில்லை, இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்து வையுங்கள். 32 அங்குலத்தை இதே தூரத்தில் வைத்தால் 61 டிகிரி வரும், ஆனால் அந்த அளவில் 1080பி எடுத்தால் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும். உயரத்தைப் பொறுத்தவரை, சாலை வானத்தைத் தொடும் கோடு உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மலிவு மானிட்டர்களின் ஸ்டாண்ட் உயராது. அதனால் பின்பக்கம் 100×100 மில்லிமீட்டர் வெசா துளைகள் (தாங்கி மாட்டும் திருகுத் துளைகள்) இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள், பிறகு ஏற்றி இறக்கும் ஆர்ம் போட்டுக்கொள்ளலாம்.

படி 4: ஹெச்டிஎம்ஐ துளை (இந்தப் படியை இரண்டு தடவை படியுங்கள்)

நான் சறுக்கிய இடம் இதுதான்.

கடையில், "அண்ணா, பிஎஸ்5-க்குப் போடலாமுங்களா?" என்று கேட்டேன். "தாராளமா போடலாம் தம்பி, 165 ஹெர்ட்ஸுங்க, அட்டையிலயே போட்டிருக்கு பாருங்க" என்றார். போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டினால் 60-க்கு மேல் ஏறவே இல்லை. கேபிளை மாற்றினேன், கன்சோலை ரீசெட் செய்தேன், இரண்டு ராத்திரி போனது. கடைசியில் மானிட்டரின் கையேட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: டிஸ்ப்ளே போர்ட்டில் 165, ஹெச்டிஎம்ஐ-யில் 75. டிஸ்ப்ளே போர்ட் என்பது கம்ப்யூட்டரை இணைக்கும் வேறொரு துளை, கன்சோலில் அது கிடையாது. கன்சோல் 75-உம் அனுப்பாது. 60 அல்லது 120. ஆக, 165-க்குக் கொடுத்த பணம் முழுக்க எனக்கு எட்டாத ஒரு துளையில் இருந்தது. நல்லவேளை, கடைக்காரர் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்.

அதனால் கடைக்குப் போகும் முன், மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் தளத்திலிருந்து கையேட்டு பிடிஎஃப்-ஐ இறக்குங்கள். எந்தெந்த ரெசொல்யூஷனை எத்தனை ஹெர்ட்ஸில் ஏற்கும் என்ற அட்டவணை உள்ளே இருக்கும். அதில் ஹெச்டிஎம்ஐ-க்கு நேராக '1920×1080, 120' அல்லது '2560×1440, 120' என்று இருக்க வேண்டும். 144 இருப்பது போதாது. சில மானிட்டர்கள் ஹெச்டிஎம்ஐ-யில் 144 ஏற்கும், 120-ஐ மட்டும் பட்டியலில் வைத்திருக்காது. அப்போதும் கன்சோல் 60-க்கு இறங்கிவிடும்.

ஹெச்டிஎம்ஐ 2.0 என்றால் 1080பி-யிலும் 1440பி-யிலும் 120 தாராளமாகப் போகும். 1.4-இலும் 1080பி 120 போக வழி உண்டு, ஆனால் கம்பெனி அதைத் திறந்து வைத்திருக்கிறதா என்பதைக் கையேடுதான் சொல்லும்.

விஆர்ஆர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபிரேம் ஏறி இறங்கும்போது படம் கிழியாமல் காக்கும் வசதி அது. அட்டையில் 'ஃப்ரீசிங்க்' என்று ஒட்டியிருந்தால் எக்ஸ்பாக்ஸ் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். பிஎஸ்5 பயன்படுத்தாது, அதற்கு ஹெச்டிஎம்ஐ 2.1-இன் விஆர்ஆர்தான் வேண்டும். பிஎஸ்5 காரர்கள் இந்த ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

படி 5: பேனல்

பேனல் என்பது படம் காட்டும் தகடு; ஐபிஎஸ், விஏ என்று அதில் வகைகள் உண்டு. ஐபிஎஸ் வாங்குங்கள். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், சினிமா பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் விலை குறைந்த விஏ பேனல்களில் இருட்டான நிறங்கள் மெதுவாக மாறும். ஸ்பாவில் இரவு ரேஸ் ஓட்டினால், ஓரத்து மரங்களும் தடுப்புச் சுவரும் மை இழுத்தது போலப் பின்னால் நீளும். பகலில் தெரியாது. இரவில் ஒரு மணி நேரம் ஓட்டினால் கண் எரியும்.

'1 எம்எஸ்' என்பதற்குப் பக்கத்தில் 'எம்பிஆர்டி' என்று இருந்தால், அது பின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு எடுத்த எண். புள்ளி நிறம் மாறும் வேகம் வேறு. படி 1-இல் அளந்த தாமதம் அதற்கும் வேறு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஹெச்டிஆர்: இந்த விலையில் வேண்டாம். 'ஹெச்டிஆர் 10 ஆதரவு' என்றால் அந்த சிக்னலை ஏற்கும் என்று மட்டுமே அர்த்தம். பளிச்சென்று காட்டத் தேவையான வெளிச்சம் இருக்காது. கன்சோலிலேயே ஹெச்டிஆரை அணைத்துவிட்டால் படம் தெளிவாகும்.

படி 6: மாட்டிய பிறகு

பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், ஸ்க்ரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் போங்கள். 1440பி மானிட்டர் என்றால் 'டெஸ்ட் 1440பி அவுட்புட்' செய்துவிட்டு ரெசொல்யூஷனைத் தேர்ந்தெடுங்கள். 120 ஹெர்ட்ஸ் அவுட்புட்டை 'ஆட்டோமேட்டிக்'கில் வையுங்கள். அப்புறம் கேம் பிரீசெட்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ் மோட்'. இதை விட்டுவிட்டால், இரண்டு மோட் உள்ள கேம்கள் அழகான, மெதுவான மோடில் தொடங்கலாம். ஃபோர்சா ஹொரைசன் 5-இல் அழகு மோட் 30 ஃபிரேம், வேக மோட் 60. ரேஸுக்கு 30 போதவே போதாது.

முகப்புத் திரையில் இருக்கும்போது தகவல் பக்கத்தில் 60 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். 120 ஓடும் கேம் திறந்தால்தான் பிஎஸ்5 120-க்கு மாறும். கிரான் டூரிஸ்மோ 7-க்கு அந்த வசதி 2023-இல் அப்டேட்டாக வந்தது. கேமின் உள்ளேயும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மானிட்டரின் சொந்த மெனுவில் 'ஓவர்டிரைவ்' (புள்ளிகளை வேகமாக நிறம் மாற வைக்கும் அமைப்பு) நடு அளவில் இருக்கட்டும். உச்சத்தில் வைத்தால் வளைவோரத்து மஞ்சள் கர்ப் கற்களைச் சுற்றி வெளிறிய நிழல் ஒன்று ஓடும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: சத்தம் எங்கிருந்து வரும்? பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் இல்லை. பிஎஸ்5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், எக்ஸ்-இலும் ஆப்டிகல் (ஒளி வழி ஆடியோ) துளையும் இல்லை. மானிட்டரின் பின்னால் 3.5 மில்லிமீட்டர் ஆடியோ துளை இருந்தால் ஹெட்போனையோ சின்ன ஸ்பீக்கரையோ அதில் செருகிவிடலாம். இல்லாவிட்டால் ஹெட்போனை கன்ட்ரோலரில் செருகுங்கள். டயர் வழுக்கும் சத்தம் காதில் விழாமல் ஓட்டாதீர்கள். கார் பிடி விடப்போவதைக் கண்ணைவிடக் காது முன்னாடியே சொல்லும்.

பின்சேர்க்கை 2: 'டிஸ்ப்ளே போர்ட் - ஹெச்டிஎம்ஐ கேபிள் இருநூறு, முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதைப் போட்டால் 165 வராதா?' என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். வராது. அந்த கேபிள் ஒருவழிப் பாதை; கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து டிவியின் ஹெச்டிஎம்ஐ-க்கு மட்டும். கன்சோலிலிருந்து எதிர்த்திசையில் போக மின்சாரம் எடுக்கும் தனிக் கன்வெர்ட்டர் வேண்டும். அந்தக் காசை மானிட்டரிலேயே போடலாம்.

பின்சேர்க்கை 3: பழைய டிவியில் ஓட்டுகிற ஒருவருக்கு டிராக் மேப்பின் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்ததாம். டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது. பட அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று மாற்றினார், மேப் முழுதாக வந்துவிட்டது. அப்படியே கேம் மோடையும் போடச் சொன்னேன். நேற்று ராத்திரி மோன்சா சிகேன் வீடியோ அனுப்பியிருந்தார். 150 பலகையில் பிரேக், கார் கோட்டுக்குள்.