கடையில் உட்கார நாற்காலி: ஒரு கோரிக்கை சட்டமாகும் வழியைப் பின்தொடர்வது எப்படி?

ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே புடவை எடுத்துப் போடும் பெண்களுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும். இந்தக் கோரிக்கை 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமானது. அதையே பிடித்துக்கொண்டு போவோம்.

1. புதுச் சட்டம் கேட்பதற்கு முன், இருக்கிற சட்டத்தில் எங்கே சேர்க்கலாம் என்று பாருங்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவு சேர்ந்தது, அவ்வளவுதான். முன்மாதிரி இருந்தால் இன்னும் நல்லது; கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 2018-லேயே கேரளத்தில் இந்த உரிமையை வாங்கியிருந்தார்கள்.

2. எம்.எல்.ஏ.விடம் மனு கொடுங்கள், கூடவே அந்த விஷயத்தைக் கவனிக்கும் அரசுத் துறைக்கும் அனுப்புங்கள். துறைக்குப் போவதுதான் முக்கியம் என்பேன். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனி உறுப்பினர் மசோதா கரைசேருவது அபூர்வம். தி.மு.க. எம்.பி. திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015-ல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையைத் தாண்டவில்லை. 2019-ல் சட்டமானது அரசு கொண்டுவந்த வேறொரு மசோதா. இருக்கை மசோதாவை அப்போதைய தொழிலாளர் நலத் துறை அமைச்சர் சி.வி.கணேசனே 2021 செப்டம்பர் 6 அன்று அறிமுகம் செய்தார்.

3. மசோதா கிடைத்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'நோக்க காரண விளக்கவுரை' இருக்கும், எதற்காக இந்த மாற்றம் என்று அரசே சொல்லும் இடம் அது. விவாதம், வாக்கெடுப்பு எல்லாம் ஒரே அவையில் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் மேலவை 1986-லேயே போய்விட்டது.

4. இங்கேதான் நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். 'பேரவையில் நிறைவேறியது' என்று செய்தி வந்தால் அது இன்னும் சட்டமில்லை, ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும், அப்புறம் அரசிதழில் வர வேண்டும். செய்தியை நம்பாமல் அரசிதழ் பிடிஎஃபைத் திறந்து பாருங்கள்: பகுதி 4, பிரிவு 1 என்றால் மசோதா, பிரிவு 2 என்றால் சட்டம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், மசோதாவைச் சட்டம் என்று தவறாக எடுத்துக்கொண்டு மனு எழுதிவிட வாய்ப்பு உண்டு.

சட்டமே கையில் இருந்தாலும் எப்போது நடைமுறைக்கு வருகிறது என்று அந்தச் சட்டத்தின் முதல் பிரிவில் பாருங்கள். அரசு அறிவிக்கும் நாளில் என்று இருந்தால் அந்த அறிவிக்கையையும் தேட வேண்டும். திருநர் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது, அமலுக்கு வந்தது 2020 ஜனவரி 10-ல்.

பின்சேர்க்கை: ஆளுநர் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். பேரவை மறுபடியும் நிறைவேற்றினால் அவர் ஒப்புதலை மறுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 200-வது பிரிவு. ஆனால் குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் வழி ஒன்று இருக்கிறது, நீட் விலக்கு மசோதா 2022-ல் இரண்டாம் முறை நிறைவேறிய பிறகு அங்கேதான் போனது.

சரி, நீங்கள் வேலை பார்க்கும் கடையில் இன்னும் இருக்கை இல்லையென்றால், 22-அ பிரிவைக் குறிப்பிட்டு உங்கள் பகுதி தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு எழுதுங்கள்.