மொரீஷியஸை பஸ்ஸிலும் மெட்ரோவிலும் சுற்றிப் பார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே இறங்கியதும் வாடகைக் காரைத்தான் தேடுகிறார்கள். ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும்தான் இந்தத் தீவு. பகல் பொழுதுக்கு பஸ்ஸும் மெட்ரோவும் தாராளமாகப் போதும்.

முதல் வேலை, சில்லறை சேர்ப்பது. பஸ்ஸில் நடத்துநர் இருக்கைக்கே வந்து காசு வாங்கி டிக்கெட் தருவார். இங்கேயும் பணம் ரூபாய்தான், மொரீஷியஸ் ரூபாய். 2000 ரூபாய்த் தாளை நீட்டினால் அவர் முகம் சுளிப்பதில் தவறே இல்லை. பணம் மாற்றும்போதே 25, 50, 100 ரூபாய்த் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கிய தாளைச் சற்று உற்றுப் பாருங்கள்: ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதன் மதிப்பு தமிழில் இருக்கும். 1998-ல் வெளியிட்ட தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடி அச்சிட்டது. 100 ரூபாய்த் தாளில் இருப்பவரும் தமிழர்தான், வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ரெங்கநாதன் சீனிவாசன்.

அடுத்து, எந்த ஊருக்கு எங்கே ஏறுவது என்று தெரிந்துகொள்ளுங்கள். தலைநகர் போர்ட் லூயிஸில் இரண்டு பஸ் நிலையங்கள் உண்டு. கிரான் பே, திரியோலே போன்ற வடக்கு ஊர்களுக்கு இமிக்ரேஷன் சதுக்கம். தெற்கே போக விக்டோரியா நிலையம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கரையேறிய ஆப்ரவாசி காட். பஸ்ஸுக்கு நேரமிருந்தால் பார்த்துவிட்டே ஏறுங்கள். விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களுக்கு 198-ஆம் எண் பஸ், கியூர்பிப் வழியாகப் போர்ட் லூயிஸ் வருகிறது. பெரிய பெட்டிகள் வைக்க இடமிருக்காது. மூட்டை முடிச்சோடு வந்தால் அன்றைக்கு மட்டும் டாக்சி பிடியுங்கள்.

நிறுத்தத்தில் சும்மா நின்றால் பஸ் நிற்காமலும் போகலாம், கையைக் காட்டுங்கள். இறங்கும் இடம் வருவதற்குச் சற்று முன்பே மணியை அழுத்துங்கள். பரிசோதகர் இடையில் ஏறுவதுண்டு, டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

மெட்ரோ இன்னும் சுலபம். 2020-ல் போர்ட் லூயிஸுக்கும் ரோஸ் ஹில்லுக்கும் இடையே தொடங்கி, 2022-ல் கியூர்பிப் வரை நீண்டது. பழைய ரயில் பாதை போன தடத்திலேயே பெரும்பகுதி ஓடுகிறது. முதல் சவாரிக்கு கத்ர் போர்ன் போய் வாருங்கள். அங்கே கோர் தெ கார்த் மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. அன்று காவடிக் கூட்டம் மலையேறும். கோயிலுக்கே போவதென்றால் கத்ர் போர்னில் இறங்கிய பிறகு ஒரு சிறு டாக்சிப் பயணம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது திரும்பும் நேரம். கிராமப்புற பஸ்கள் மாலை ஆறரை வாக்கிலேயே ஓய்ந்துவிடும். கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால் அப்புறம் டாக்சிதான். போய் இறங்கியதுமே, திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடமே கேளுங்கள். நிறுத்தத்தில் காத்திருக்கும் டாக்சிக்காரர், "இனி பஸ் வராது" என்று நான்கு மணிக்கே சொல்லுவார்.