புது அமெரிக்கத் தொடர்களில் எதைப் பார்க்கலாம்? முதல் எபிசோடை மட்டும் நம்பி இறங்காதீர்கள்

அமெரிக்க டிவிக்கு சீசன் என்றால் செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து மே மாதம் முடிவது. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் போன்ற பழைய சேனல்கள் இன்னும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. ஸ்ட்ரீமிங் கம்பெனிகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, வருஷம் பூராவும் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தால் வேறு வேலையே நடக்காது. ட்ரெய்லரைப் பார்த்து முடிவு செய்யலாமா என்றால், அதுவும் சரிப்படாது; ஏழெட்டு மணி நேரத் தொடரில் நல்லதாக இரண்டே நிமிஷம் இருந்தால்கூடப் போதும், பிரமாதமான ட்ரெய்லர் தயாராகிவிடும்.

நான் கடைப்பிடிக்கும் முதல் விதி, மூன்றாவது எபிசோட் பார்க்காமல் எந்தத் தொடரையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. காரணம் இருக்கிறது. பைலட் என்கிற முதல் எபிசோட், பழைய சேனல் முறைப்படி, பார்வையாளருக்காக எடுக்கப்பட்டதே அல்ல. சேனல் அதிகாரிகளிடம் காட்டி, மீதி எபிசோடுகளுக்கு ஆர்டர் வாங்குவதற்காக எடுப்பது. அதனால் பணம், உழைப்பு, பெரிய பெயர்கள் எல்லாம் அதில் குவிந்திருக்கும். 2016-ல் எச்பிஓவில் வந்த 'வினைல்' நினைவிருக்கிறதா? முதல் எபிசோடை இயக்கியவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. பத்து எபிசோடோடு கதை முடிந்தது, இரண்டாவது சீசன் உண்டு என்று சொல்லிவிட்டுப் பிறகு அதையும் ரத்து செய்தார்கள். இரண்டாவது எபிசோடோ, பல தொடர்களில், முதல் எபிசோடைத் தவறவிட்டவர்களுக்காக அதே விஷயத்தை வேறு சட்டை போட்டு மறுபடி சொல்வதாக இருக்கும். மூன்றாவதில்தான் எழுத்தாளர்கள் தினசரி வேலைக்கு வருகிறார்கள். வாரா வாரம் இந்தக் குழு என்ன சமைக்கப் போகிறது என்பது அங்கேதான் தெரியும்.

ஆனால் இதை எல்லா வகைக்கும் ஒரே மாதிரி பிரயோகிக்க முடியாது. காமெடி தனி ஜாதி.

காமெடித் தொடருக்கு மூன்று எபிசோட் போதவே போதாது. 'சைன்ஃபெல்ட்' பைலட்டை 1989-ல் ஒளிபரப்புக்கு முன் சாதாரண ஜனங்களுக்குப் போட்டுக் காட்டியபோது, தேறாது என்கிற மாதிரிதான் அறிக்கை வந்தது. 'சியர்ஸ்' 1982-ல் தொடங்கியபோது ரேட்டிங் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது, அப்புறம் பதினோரு சீசன் ஓடியது. 2005-ல் வந்த அமெரிக்க 'தி ஆபிஸ்' இதற்கு நல்ல உதாரணம். பைலட்டில் பிரிட்டிஷ் மூலத்தின் ஸ்கிரிப்டையே கிட்டத்தட்ட அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். ஸ்டீவ் கரெல் நடித்த மைக்கேல் ஸ்காட் அதில் வெறும் எரிச்சலூட்டும் மனுஷன், தலைமுடியைக்கூட எண்ணெய் வைத்து வழித்து வாரியது போல் இருக்கும். முதல் சீசன் ஆறே எபிசோட். இரண்டாவது சீசனில் அதே ஆளுக்கு ஒரு ஏக்கத்தைக் கொடுத்தார்கள், எல்லோருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று தவிக்கிற மேனேஜர் ஆக்கினார்கள், தொடர் எழுந்து நின்றுவிட்டது. 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' கதையும் இதேதான்: 2009-ல் தடுமாறிய ஆறு எபிசோட், அடுத்த சீசனிலிருந்து வேறு தொடர் மாதிரி.

அதனால் புதுக் காமெடியை நான் முதல் எபிசோடிலிருந்து பார்ப்பதே இல்லை. நான்கோ ஐந்தோ எபிசோட் வந்த பிறகு, நேராக நாலாவதைப் போடுவேன். சிரிப்பு வந்தால் திரும்பிப் போய் முதலிலிருந்து பார்ப்பேன், வராவிட்டால் இருபத்திரண்டு நிமிஷத்தோடு நஷ்டம் முடிந்தது. கதை புரியாமல் போகாதா என்று கேட்கலாம். காமெடியில் புரிய வேண்டிய கதை பெரும்பாலும் ஒரே வரிதான். யார் முதலாளி, யாருக்கு யார்மேல் ஒரு கண், அவ்வளவு. 2021 டிசம்பரில் வந்த 'ஆபட் எலிமென்டரி' போல முதல் எபிசோடிலேயே நிலைத்து நின்ற தொடர்களும் உண்டுதான், ஆனால் அவை அபூர்வம்.

வாரம் ஒரு வழக்கு, வாரம் ஒரு நோயாளி என்று போகும் தொடர்களுக்கும் நடுவிலிருந்து ஆரம்பிக்கும் இந்த வித்தை பலிக்கும். ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் சிபிஎஸ்ஸில் வந்த 'மேட்லாக்'. எண்பதுகளில் ஆன்டி கிரிஃபித் நடித்த பழைய தொடரின் பெயர் என்பதால் பலரும் ரீமேக் என்று ஒதுக்கிவிட்டார்கள். கேத்தி பேட்ஸ் வயதான வக்கீலாக, அப்பாவி மாதிரி ஒரு பெரிய சட்ட நிறுவனத்துக்குள் நுழைகிறார், ஒரு வழக்கை முடிக்கிறார், சரி வழக்கமான சரக்கு என்று ரிமோட்டை எடுக்கப்போகிற நேரத்தில், கடைசி சில நிமிஷங்களில் அதுவரை பார்த்த ஒவ்வொரு காட்சியின் அர்த்தமும் மாறுகிறது. என்னவென்று சொல்ல மாட்டேன். அதை மட்டும் முதல் எபிசோடிலிருந்து, முழுசாக, போனை உள்ளே வைத்துவிட்டுப் பாருங்கள்.

ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது மர்மத் தொடர்களிடம். பெரிய கேள்வியோடு ஆரம்பிக்கும் தொடர் எதுவானாலும், அதற்கு விடை எழுதி முடித்துவிட்டார்களா, இல்லை போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. 2009-ல் ஏபிசியில் 'ஃப்ளாஷ்ஃபார்வேர்ட்' வந்தது. உலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் 137 விநாடி மயங்கி விழுகிறார்கள், ஒவ்வொருவரும் ஆறு மாதம் கழித்து நடக்கப்போவதைப் பார்த்துவிட்டு எழுகிறார்கள். இதைவிட அசத்தலான ஆரம்பம் கிடைக்காது. ஒரே சீசன், 22 எபிசோட், புதுசாக இன்னொரு முடிச்சைப் போட்டுவிட்டு அந்தரத்தில் நின்றது. 2019-ல் 'தி ஓஏ' இரண்டாவது சீசனோடு அதே மாதிரி அறுந்தது. இப்படி அறுந்த இன்னொரு தொடருக்கு நான் நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளைக் கொடுத்தேன், குடும்ப மரம் மாதிரி நோட்டில் வரைபடம் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். பெயர் வேண்டாம், அந்த நோட்டு இன்னும் எங்கேயோ கிடக்கிறது.

ஆகவே மர்மத் தொடரைத் தொடுவதற்கு முன் எத்தனை சீசனுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். லிமிடெட் சீரிஸ் என்று போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும், தைரியமாக உட்காரலாம். ஒரு சீசன் ஆர்டர், கேள்வியோ பிரம்மாண்டம் என்றால், இரண்டாவது சீசன் உறுதியாகும்வரை காத்திருப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்தது பெயர். சினிமாவில் இயக்குநர் யார் என்று கேட்டுப் பழகிய நமக்கு இங்கே கண் தவறான இடத்துக்குப் போகும். அமெரிக்கத் தொடர்களில் இயக்குநர் எபிசோடுக்கு ஒருவர் மாறுவார். தலைமை எழுத்தாளராக இருந்து முழுத் தொடரையும் நடத்துகிற ஷோரன்னர்தான் ஆணிவேர். அவர் இதற்கு முன் ஏதாவது ஒரு தொடரை ஒழுங்காக முடித்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். ஆரம்பித்தது எத்தனை என்பது முக்கியமில்லை.

ரிவ்யூக்களைப் படிக்கலாம், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டும் சதவீதம் மதிப்பெண் அல்ல. பரவாயில்லை, பார்க்கலாம் என்ற அளவுக்காவது சொன்னவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் அது. பத்துப் பேர் அரை மனதாகத் தலையாட்டினாலும் நூறு சதவீதம் வந்துவிடும். இன்னொன்று, விமர்சகர்களுக்குப் பல நேரங்களில் முதல் சில எபிசோடுகளை மட்டுமே அனுப்புவார்கள். சீசன் முடியும்போது சொதப்பியதா என்பது அவர்களுக்கே எழுதும்போது தெரியாது. நான் படிப்பது கடைசி எபிசோட் வந்த பிறகு எழுதியவற்றை, அதுவும் தலைப்பையும் முதல் பத்தியையும் மட்டும், மேலே போனால் ஸ்பாய்லர் கண்ணில் பட்டுவிடும்.

நேரக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். விளம்பரம் கழித்தால் சேனல் தொடரின் ஒரு மணி நேர எபிசோட் சுமார் 42 நிமிஷம், முழு சீசன் 22 எபிசோட் என்றால் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். ஸ்ட்ரீமிங்கில் ஏழெட்டு மணி நேரத்தில் சீசனே முடிந்துவிடும். அதற்காகச் சின்னதுதான் நல்லது என்றில்லை. 2025 ஜனவரியில் வந்த 'தி பிட்' பதினைந்து எபிசோட், பிட்ஸ்பர்க்கில் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவு, ஒரே ஷிஃப்ட், ஒரு எபிசோடுக்கு அந்த ஷிஃப்டில் ஒரு மணி நேரம். பின்னணி இசை கிட்டத்தட்ட கிடையாது, கருவிகளின் பீப் சத்தமும் ஆட்கள் கத்துவதும்தான். வாரம் ஒன்றாக வந்து, பேச்சு பரவிப் பரவி, அந்த வருஷம் சிறந்த டிராமாவுக்கான எம்மி விருதையே வாங்கிவிட்டது. மொத்தமாக ஒரே நாளில் கொட்டியிருந்தால் அந்தப் பேச்சு இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

சரி, 2025-26 சீசனுக்கு வருவோம்.

பழைய சேனல்களில் வந்த புதுசு பெரும்பாலும் பழசின் கிளைதான். ஏபிசிக்கு '9-1-1: நாஷ்வில்', சிபிஎஸ்ஸுக்கு 'ஃபயர் கன்ட்ரி'யிலிருந்து பிரிந்த 'ஷெரிஃப் கன்ட்ரி', பதினாலு சீசன் ஓடிய 'ப்ளூ பிளட்ஸ்'ஸின் மிச்சமான 'பாஸ்டன் ப்ளூ'. மூலத்தொடர் பிடித்திருந்தால் பாருங்கள், பார்க்காதவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை.

ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ஆப்பிள் டிவியின் 'ப்ளூரிபஸ்'. 2025 நவம்பரில் ஆரம்பித்தது, ஒன்பது எபிசோட். நான் மேலே சொன்ன எல்லா சோதனையிலும் தேறுகிறது: எழுதி நடத்துபவர் வின்ஸ் கில்லிகன், 'பிரேக்கிங் பேட்'டைச் சொன்னபடி முடித்துக் காட்டியவர், ஆரம்பத்திலேயே இரண்டு சீசனுக்கு ஆர்டர். உலகமே ஒரே மனசாக இணைந்து சந்தோஷமாகிவிடுகிறது, ஆல்புகர்க்கியில் கரோல் என்ற சிடுசிடுப்பான நாவலாசிரியை ஒருத்தி உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர. முதல் எபிசோடில் அவள் டிவியைப் போடுகிறாள். கோட்டு சூட்டு போட்ட ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார், திரையின் அடியில் அவள் பெயரும் கூப்பிடச் சொல்லி ஒரு போன் நம்பரும். அந்த ஆள் பேசுவது அவளிடம், அவளிடம் மட்டுமே. ஒருவரும் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை, எனக்கு முதுகு சில்லிட்டது. நிதானமாகப் போகும் தொடர், இரண்டாவது எபிசோடில் பொறுமை போகலாம். மூன்றாவது வரை இருங்கள்.

துப்பறியும் கதை வேண்டுமானால் இரண்டு. எச்பிஓவின் 'டாஸ்க்', ஏழு எபிசோட், பிலடெல்ஃபியா புறநகர்; பாதிரியாராக இருந்து எஃப்பிஐக்கு வந்த மார்க் ரஃப்பலோ ஒரு பக்கம், குப்பை அள்ளிக்கொண்டே போதை மருந்து வீடுகளைக் கொள்ளையடிக்கும் டாம் பெல்ஃப்ரி இன்னொரு பக்கம். யார் செய்தது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும், இருவரில் யார் பக்கம் நிற்பது என்பதுதான் நம்மைப் போட்டு வாட்டும். மனசு கனக்கும், அதனால் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். எஃப்எக்ஸின் 'தி லோடவுன்' அதற்கு நேர் எதிர், எட்டு எபிசோட், டல்சா நகரத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் ஈதன் ஹாக், ஊர்ப் பெரிய மனிதர்களின் வண்டவாளத்தைத் தோண்டி எழுதுகிறார், அதற்காக நன்றாக உதையும் வாங்குகிறார்.

'தி ஆபிஸ்' பார்த்தவர்களுக்கு பீகாக் என்கிற ஸ்ட்ரீமிங் தளத்தில் 'தி பேப்பர்' இருக்கிறது. அந்த ஆபிஸைப் படம் பிடித்ததாகக் கதையில் வரும் அதே ஆவணப்படக் குழு இப்போது ஒஹையோ மாநிலம் டொலீடோவில் நொடிந்துபோன ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குள் கேமராவோடு நுழைகிறது. பத்து எபிசோடும் ஒரே நாளில் வெளியானவை, எனவே நடுவிலிருந்து ஆரம்பிக்கும் வித்தையை இதிலேயே சோதித்துப் பார்க்கலாம். முதல் இரண்டும் எனக்குச் சுமார்தான்.

2026 ஜனவரியில் எச்பிஓவில் வந்த 'எ நைட் ஆஃப் தி செவன் கிங்டம்ஸ்' பற்றி ஒரு வார்த்தை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்க்காதவர்களும் இதைப் பார்க்கலாம், அதற்குச் சுமார் தொண்ணூறு வருஷம் முந்தைய கதை, டிராகன் சண்டை எதுவும் கிடையாது. வசதியில்லாத ஒரு வீரனும் மொட்டைத்தலைப் பையன் ஒருவனும் போட்டி ஒன்றுக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். ஆறே எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இதற்கு மட்டும் மூன்று எபிசோட் விதியை எடுத்து வைத்துவிடலாம், மூன்று பார்த்தால் பாதி சீசன் முடிந்திருக்கும்.