ப்ளவ் லேனில் ஒரு செவ்வாய் இரவு: முதல் முறை போகிறவர்களுக்கு

லண்டனில் முதல் முறையாகக் கால்பந்தை நேரில் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களை நான் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் அணியின் மைதானமான ப்ளவ் லேனுக்குத்தான் அனுப்புகிறேன். பெரிய அணிகளின் டிக்கெட் குதிரைக்கொம்பு. இங்கே 9 ஆயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் இடம். கோல்கீப்பர் தன் ஆட்களைக் கூவி அழைப்பதுகூடக் காதில் விழும்.

முதலில், கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1988இல் லிவர்பூலை 1-0 என வென்று இங்கிலாந்தின் பழம்பெரும் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது பழைய விம்பிள்டன் அணி. 1991இல் அதே பெயர் கொண்ட பழைய ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு வெளியேறியது. 2002இல் அணியை லண்டனுக்கு வெளியே மில்டன் கீன்ஸ் நகருக்கே கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் அதே கோடையில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொந்தமாக ஓர் அணியைத் தொடங்கி, இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாம் அடுக்கில் இறக்கினார்கள். ஒன்பதே பருவங்களில், 2011இல், அது பிரீமியர் லீகுக்கு அடுத்த மூன்று அடுக்குகளான ஃபுட்பால் லீகுக்குள் வந்துவிட்டது. பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில், நாய்ப் பந்தயத் திடல் இருந்த இடத்தில், புதிய மைதானம் எழுந்தது. கட்டுமானப் பணத்தில் ஒரு பகுதி ரசிகர்கள் கொடுத்த கடன். 2020 நவம்பர் 3 அன்று அங்கே முதல் ஆட்டம் நடந்தபோது, கொரோனா காலம் என்பதால், இருக்கைகள் காலியாகவே கிடந்தன. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

டிக்கெட். அணியின் இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். எதிரணி ரசிகர்களுக்கு ஒதுக்கிய பகுதியில் தவறியும் எடுக்காதீர்கள். வார நாள் ஆட்டங்கள் பெரும்பாலும் 7.45 மணிக்குத் தொடங்கும்.

உடை. வெயிலில் கிளம்பினாலும் கனமான மேலங்கி வேண்டும். இரண்டாம் பாதியில் குளிர் காலிலிருந்துதான் ஏறும், ஆகவே தடித்த காலுறை அவசியம். விம்பிள்டனின் நிறம் நீலமும் மஞ்சளும். எதிரணியின் நிறத்தைத் தவிர்ப்பது மரியாதை.

வழி. மிக அருகில் இருப்பது ஹேடன்ஸ் ரோடு ரயில் நிலையம். அங்கிருந்து நடந்தால் பழைய மைதானம் இருந்த மூலையைக் கடப்பீர்கள். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். அடுத்து வாண்டில் ஆற்றுப் பாலம். சின்ன ஆறுதான், ஆனால் 2024 செப்டம்பரில் கொட்டிய மழையில் கரை மீறி மைதானத்துக்குள் புகுந்தது. புல்தரை ஒரு பக்கம் உள்வாங்கிப்போக, நியூகாசிலுடனான கோப்பை ஆட்டம் அவர்கள் ஊருக்கே மாற்றப்பட்டது.

நான் விரும்பும் வழி வேறு. டூட்டிங் பிராட்வேயில் சுரங்க ரயிலை விட்டு இறங்குங்கள். அது நம்மவர்கள் கடை பரப்பியிருக்கும் இடம். தோசையோ கொத்து ரொட்டியோ சூடாகச் சாப்பிட்டுவிட்டு, காரட் லேன் வழியே நடந்தால் அரை மணிக்குள் மைதானம். வயிறு நிறைந்திருந்தால் குளிரும் அவ்வளவாகத் தெரியாது.

உள்ளே. 7 மணிக்கே போய்விடுங்கள், பெரிய பை வேண்டாம். பீர் வாங்கினால் கீழ்த்தளத்திலேயே குடித்து முடிக்க வேண்டும். இந்த லீகுகளில் ஆடுகளம் தெரியும் இடத்தில் மது அருந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிறகு படியேறுங்கள். இருட்டிலிருந்து வெளியே வரும் அந்தக் கணம் நான் எத்தனை முறை போனாலும் அலுக்காதது: விளக்கொளியில் ஈரப் புல் பளபளக்கும், வறுத்த வெங்காய வாசனை பின்னாலேயே வரும். முடிந்தால் முன்வரிசைகளில் உட்காருங்கள். பந்தை உதைக்கும் சத்தம் பலகையில் தட்டியதுபோலக் கேட்கும். ஓடி வருபவரின் மூச்சு ஆவியாகத் தெரியும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இங்கே 'டான்ஸ்' (Dons) என்ற செல்லப்பெயர் விம்பிள்டனுக்கு மட்டும்தான். மில்டன் கீன்ஸுக்குப் போன அணியும் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பக்கத்து இருக்கைக்காரரிடம் அவர்களை அப்படிக் குறிப்பிடாதீர்கள். அவர் 2002இல் தெருவில் நின்று போராடியவராக இருக்கலாம்.

திரும்புவது. கடைசி விசில்வரை இருங்கள். ஆட்டக்காரர்கள் வந்து கை தட்டி நன்றி சொல்வார்கள். ஹேடன்ஸ் ரோட்டில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம் நிற்க நேரும். அப்படியானால் காரட் லேனுக்கு நடந்து வாருங்கள். 44, 270 இரண்டு பஸ்களும் டூட்டிங் போகும்.