இறால் தொட்டிக்கு அடிமண் போடுவது: கிணற்றுத் தண்ணீர்க்காரருக்கு

அழகுக்கு இறால் வளர்க்கிற கண்ணாடித் தொட்டிக்கு மண் வாங்கக் கடைக்குப் போக முதல் குசினிக்குப் போய்க் கேத்திலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது, அந்தக் கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீர்தான் எங்கள் கிணற்றில், அதனால் கடினத்தன்மையும் கூட, பி.எச்.சும் (தண்ணீரின் அமில, கார அளவு) ஏழுக்கு மேலேதான் நிற்கும். தொட்டிக்கு எந்த மண் என்பதை முடிவு செய்யப் போவது அந்த வெள்ளைப் படிவுதான்.

செரி இறாலுக்கு, அதாவது நியோகரிடினா வகைக்கு, இந்தத் தண்ணீர் பெரும்பாலும் ஒத்துப்போகும் (கடற்கரையை ஒட்டிய சவர்க் கிணறு என்றால் வேண்டாம்). கிறிஸ்டல் ரெட் போன்ற கரிடினா வகைகளுக்கு பி.எச். 6 பக்கம் வேண்டும், காபனேற்றுக் கடினத்தன்மை கிட்டத்தட்டப் பூச்சியமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் 'அக்வா சொயில்' என்று விற்கிற சுட்ட மண் உருண்டைகள். அவை தண்ணீரில் உள்ள காபனேற்றை இழுத்து பி.எச்.சை இறக்கும், ஆனால் அந்தச் சக்திக்கு ஓர் அளவு உண்டு. ஒரு பை மண்ணை விலை பார்க்காமல் வாங்கிப் போட்டுவிட்டு, கிழமைக்கு ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன் நான். நாலாம் மாதம் பி.எச். பழையபடி ஏறியது, கிறிஸ்டல்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. (கனிமம் நீக்கி வடித்த) தண்ணீரோ ஒழுங்காகக் கிடைத்து, அதில் இறாலுக்கான கனிமத் தூளும் கலக்க ஆயத்தம் என்றால் மட்டும் அந்த மண்ணை வாங்குங்கள். இல்லாவிட்டால் செரியும் ஆற்று மணலும் போதும், காசும் மிச்சம்.

மணல் என்றதும் கடற்கரைக்கு ஓட வேண்டாம். தீவுப்பக்க வெள்ளை மணலில் சிப்பித் தூளும் பவளத் துண்டும் கலந்திருக்கும், எல்லாம் கல்சியம் காபனேற்று, ஏற்கனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். வடமராட்சி மணற்காட்டு மேட்டில் அள்ளுவதையும் விடுங்கள், கடலையும் காற்றையும் மறித்துக்கொண்டு நிற்கிற மேடு அது. கட்டட வேலைக்கு வன்னிப் பக்கமிருந்து வருகிற ஆற்று மணலில் அரை வாளி கேட்டால் யாரும் தருவார்கள். அதையும் சோதித்துத்தான் போட வேண்டும்: ஒரு கரண்டி மணலைக் கழுவிக் காயவைத்துக் கண்ணாடிக் கோப்பையில் போட்டு, மூடும் அளவுக்கு வினாகிரி ஊற்றிக் காதுக்குக் கிட்டக் கொண்டு வாருங்கள். சுண்ணாம்பு இருந்தால் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் கேட்கும், மணிகளின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி ஏறும். மணலுக்குள் அடைபட்ட காற்றும் முதலில் கொஞ்சம் குமிழி விடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தொடர்ந்து வருகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

பிறகு அரிதட்டில் அரித்து, மாவு மாதிரித் தூளையும் பெரிய கல்லையும் விலக்கி, ஒன்று இரண்டு மில்லிமீற்றர் மணியை எடுங்கள். பெரிய கல் என்றால் தீன் இடுக்குக்குள் விழுந்து அழுகும், மாவு மணல் இறுகிப்போய் வேருக்கு மூச்சு விடாது. வாளியில் போட்டுக் கையை விட்டுக் கலக்கி ஊற்றிக்கொண்டே இருங்கள். பத்துப் பன்னிரண்டு தரம் பிடிக்கும், தண்ணீருக்குள் உங்கள் விரல் நகம் தெரிந்தால் சரி. அக்வா சொயிலை மட்டும் கழுவாதீர்கள், உருண்டை உடைந்து சேறாகிவிடும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டிக்கு, அதாவது 60 சென்ரிமீற்றருக்கு 30, சராசரி 5 சென்ரிமீற்றர் உயரம் வைத்தால் 9 லீற்றர் மண் தேவை. முன்னுக்கு 3, பின்னுக்கு 7 என்று சரிவாகப் போடுங்கள். மணலை அதற்கு மேல் குவித்தால் அடியில் ஒட்சிசன் இல்லாமல் கறுத்து, கிளறும்போது கூழ்முட்டை நாற்றம் வரும். அக்வா சொயிலில் பின்பக்கத்தை இன்னும் உயர்த்த ஆசையென்றால், எரிமலைக் கல்லை நுளம்பு வலைத் துண்டில் முடிந்து அடியில் வைத்து, அதன் மேல் மண்ணைப் போடுங்கள், மண்ணும் மிச்சமாகும். சொயிலுக்கு மேல் அழகுக்கு மணல் தூவுகிற வேலை மட்டும் வேண்டாம், சின்ன மணி கீழே இறங்கிப் பெரிய உருண்டை மேலே வந்து இரண்டு மாதத்தில் சாம்பாராகிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் கல் வரிசை வைத்து.

மணலில் சத்து இல்லையே என்று சிலர் வலிகாமத்துச் செம்மண்ணை அடியில் போடுகிறார்கள். வெங்காயமும் புகையிலையும் போட்ட தோட்டத்து மண் என்றால் தொடவே தொடாதீர்கள், பூச்சிமருந்தில் ஒரு சொட்டு போதும் இறாலை முடிக்க. மாட்டெருவும் வேண்டாம். வேருக்கு வைக்கிற உரக் குளிசையில் இறாலுக்கு ஆகாத செப்பு எவ்வளவு என்று பார்த்து, கிரிப்டோகொரின் செடியின் வேரடியில் ஆழமாகப் புதையுங்கள். கிரிப்டோகொரின் வெண்டியை இலங்கையின் சொந்தச் செடி, இந்த மணலில் நன்றாக நிற்கும். அனுபியாஸ் செடியையும் பாசியையும் கல்லில் கட்டிவிடுங்கள், அவற்றுக்கு மண்ணே தேவையில்லை.

தண்ணீர் ஊற்றும்போது மண்ணின் மேல் ஒரு பீங்கான் தட்டை வைத்து அதன் மேல் மெல்ல ஊற்றுங்கள். புது சொயில் முதல் சில கிழமைகளுக்கு அமோனியா கக்கும், ஆகவே ஒரு மாதம், ஒன்றரை மாதம் வெறுந்தொட்டியாக ஓட விட்டு, அமோனியாவும் நைத்திரைற்றும் (nitrite) பூச்சியம் காட்டிய பிறகே இறால். நைத்திரேற்று (nitrate) புதுத் தொட்டியிலேயே கூடக் காட்டினால் முதலில் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள், தோட்டப் பக்கத்துக் கிணறுகளில் உரம் இறங்கியிருக்கும்.

கொழும்பில் வாங்கிய இறால் மென்தண்ணீரில் வளர்ந்தது. பையோடு தொட்டியில் கவிழ்த்துக் கொட்டாமல், முதலில் ஒரு வாளியில் விட்டு, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணித்தியாலம் வாளிக்குள் விடுங்கள், பிறகு வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள்.