வெள்ளி ஆடியைக் கண்டதும் ஆல்டிஹைடு என்று எழுதிவிடாதீர்கள்

செய்முறைத் தேர்வு நெருங்கும் மாதங்களில் சேலத்துக் கல்லூரி ஆய்வகங்களில் கரிமச் சேர்மப் பகுப்பாய்வுக்கு நிற்கும் மாணவர்கள், எங்கள் தலைமுறை அதே மேசைகளில் நின்று செய்த பிழைகளையே ஏறத்தாழ வரிசை மாறாமல் செய்கிறார்கள். சோதனைக்குழாயை உடைப்பது, புட்டியில் பெயர்ச்சீட்டு ஒட்ட மறப்பது, பர்னரை அணைக்காமல் போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை; அவை ஆய்வக உதவியாளர் ஒரு முறை அதட்டினால் சரியாகிவிடும். மூலக்கூறின் வினைகளைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டமான வினைசெயல் தொகுதியின் பெயரை மனப்பாடம் செய்துவிட்டு, அத்தொகுதி எந்தக் கார்பனோடு பிணைந்திருக்கிறது, எந்தக் கரைசலில் நிற்கிறது என்பதைப் பாராமல் முடிவெழுதுவதால் வரும் தவறுகளே இக்கட்டுரையின் பொருள்.

ஹைட்ராக்சில் எங்கிருந்தாலும் ஒன்றே என்று கொள்வது

எத்தனால், ஃபீனால், அசிட்டிக் அமிலம் ஆகிய மூன்றிலும் ஆக்சிஜனோடு பிணைந்த ஹைட்ரஜன் இருக்கிறது என்பது உண்மை. ஆயினும் அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு (இது குறையக் குறைய அமிலம் வலியது) 4.76, ஃபீனாலுக்கு ஏறத்தாழ 10, எத்தனாலுக்கு 16 என்னும்போது, ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிப்பதால், அசிட்டிக் அமிலம் ஃபீனாலைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேலான அமில வலிமை உடையது. கார்பானிக் அமிலத்தின் முதல் பிகேஏ 6.35 இவற்றுக்கு இடையில் விழுகிறது. ஆகவேதான் சோடியம் பைகார்பனேட் கரைசலில் கார்பாக்ஸிலிக் அமிலம் நுரைத்துப் பொங்குகிறது, ஃபீனால் பேசாமல் இருக்கிறது. இந்தக் காரணத்தை அறியாமல் "ஃபீனால் பொங்காது" என்று மட்டும் படித்தவர், மூன்று நைட்ரோ தொகுதிகள் ஏறிய ஃபீனாலான பிக்ரிக் அமிலம் நன்றாகவே பொங்குவதைக் கண்டதும் அதைக் கார்பாக்ஸிலிக் அமிலம் என்று எழுதிவிடுகிறார். எலக்ட்ரானை இழுக்கும் அந்த மூன்று தொகுதிகளும் அதன் பிகேஏ மதிப்பை 1-க்கும் கீழே இறக்கிவிடுகின்றன.

ஆல்கஹாலின் வகையைப் பிரித்தறியும் லூகாஸ் சோதனையிலும் இதே கதைதான். மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், ஈரிணைய ஆல்கஹாலுக்குச் சில நிமிடங்கள் ஆகும், ஓரிணைய ஆல்கஹால் அறை வெப்பநிலையில் கலங்காது என்பது பாடம். பென்சைல் ஆல்கஹால் ஓரிணைய ஆல்கஹாலாக இருந்தும் உடனே கலங்குகிறது. ஏனெனில் அதில் உருவாகும் கார்பன் நேரயனியைப் பக்கத்திலுள்ள பென்சீன் வளையம் தாங்கிக்கொள்கிறது. நீரில் கரையாத பெரிய ஆல்கஹால்களுக்கு இச்சோதனையைச் செய்யவே வேண்டாம்; அவை வினை நடக்கும் முன்பே கலங்கலாகத்தான் தெரியும்.

கொதிநிலையை நிறையால் மட்டும் கணிப்பது

எத்தனாலும் டைமெத்தில் ஈதரும் ஒரே மூலக்கூறு வாய்பாடு உடையவை. ஒன்று 78 டிகிரியிலும் மற்றொன்று பூச்சியத்துக்குக் கீழே 24 டிகிரியிலும் கொதிக்கின்றன. மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டா இல்லையா என்பதே நூறு டிகிரி வேறுபாட்டுக்குக் காரணம். இதனோடு சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 95 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். எத்தனாலும் நான்கைந்து டிகிரி முன்னதாகவே கொதிக்கும். மலையில் அளந்த கொதிநிலையை நூலிலுள்ள அட்டவணையோடு நேரடியாக ஒப்பிட்டு "சேர்மம் தூய்மையற்றது" என்று எழுதுவது, வளிமண்டல அழுத்தத்தின் பழியைச் சேர்மத்தின் மேல் போடுவதாகும்.

எல்லாவற்றுக்கும் முதலில் டாலன்ஸ் காரணியை ஊற்றுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைப் பொறுமையிழக்கச் செய்யும் தவறு இது ஒன்றுதான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் ஊரில் வெள்ளியின் விலையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாலன்ஸ் காரணி என்பது வெள்ளி நைட்ரேட்டிலிருந்து அம்மோனியா சேர்த்துச் செய்யும் கரைசல்; ஆல்டிஹைடு அதிலுள்ள வெள்ளி அயனியை ஒடுக்கி உலோக வெள்ளியாக்கும்போது, அது குழாயின் சுவரில் ஆடிபோலப் படியும். 10 கிராம் வெள்ளி நைட்ரேட்டில் 6.35 கிராம் வெள்ளி இருக்கிறது. அங்கே பட்டறையில் அரத்தூளைக்கூடக் கூட்டி எடுத்து உருக்குகிறார்கள். இங்கே ஆய்வகத்தில், என்ன சேர்மம் என்று எதுவும் தெரியாத நிலையிலேயே, பளபளப்பான விடை கிடைக்கும் என்ற ஆசையில் மாணவர்கள் டாலன்ஸ் காரணியைக் குழாய் குழாயாக ஊற்றுகிறார்கள்.

முதற்கேடு தயாரிப்பிலேயே தொடங்குகிறது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பழுப்பு நிறத்தில் வெள்ளி ஆக்சைடு வீழ்படிவாகும். அந்தப் பழுப்பு கரையும் வரை மட்டும் நீர்த்த அம்மோனியாவைத் துளித்துளியாக விட வேண்டும். பொறுமையில்லாதவர் அம்மோனியாவைக் கவிழ்த்துவிடுகிறார். வெள்ளி அயனி அம்மோனியாவின் பிடியில் இறுகிவிடுவதால் சோதனையின் நுண்மை குறைகிறது. வேறு சிலர் குழாயை ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசிவிட்டு அப்படியே வெள்ளி நைட்ரேட்டை ஊற்றுகிறார்கள்; நீரிலுள்ள குளோரைடு உடனே வெண்மையாகக் கலங்குகிறது. வாலைவடிநீரில் கடைசியாக ஒரு முறை அலசும் சோம்பலுக்குக் கொடுக்கும் விலை அது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய குழாயில் ஆடி படியாது, சாம்பல் நிறத் துகளே திரளும். அதுவும் ஒடுக்கம் நடந்ததற்கு அடையாளமே என்பதை அறியாமல் "எதிர்மறை" என்று எழுதியவர்களும் உண்டு. குழாயை நேரடிச் சுடரில் பிடிக்கக் கூடாது. 60 முதல் 70 டிகிரி வரையுள்ள வெந்நீரில் அசைக்காமல் நிறுத்துவது போதும்.

இரண்டாவது கேடு, பார்த்ததைத் தவறாகப் படிப்பது. வெள்ளி ஆடி உண்டானால் குழாயில் இருப்பது வெள்ளி அயனியை ஒடுக்க வல்ல ஏதோ ஒன்று என்பது மட்டுமே நிறுவப்படுகிறது. ஃபார்மிக் அமிலம் பெயரால் அமிலம். ஆயினும் அதன் கார்பனைல் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருப்பதால் அதுவும் ஆடியைத் தரும். ஃபிரக்டோஸ் கீட்டோன் தொகுதி உடைய சர்க்கரை. காரணி காரத்தன்மை உடையது என்பதால், கீட்டோனுக்கு அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ராக்சிலின் துணையோடு அது ஈனடையால் வடிவத்துக்கு மாறி, அதன் வழியாகக் குளுக்கோஸாகவும் மானோஸாகவும் உருமாறுகிறது. ஆடியும் தவறாமல் படிகிறது. ஹைட்ரோகுவினோன் போன்ற இரு ஹைட்ராக்சில் உடைய ஃபீனால்களும் வெள்ளியை ஒடுக்கிவிடும். இவ்வளவையும் படித்தவர்தாம் தேர்வு மேசையில் ஆடியைக் கண்டவுடன் "ஆல்டிஹைடு உள்ளது" என்று அடிக்கோடிட்டு எழுதுகிறார்.

மரவள்ளி மாவை வைத்துச் செயல்திட்டம் செய்ய வந்த மாணவர் குழு ஒன்று இதைவிட நுட்பமான குழியில் விழுந்தது. சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை என்பதால் இத்தகைய செயல்திட்டங்கள் அடிக்கடி வரும். ஸ்டார்ச்சில் குளுக்கோஸ் அலகுகளின் ஒடுக்கும் முனைகள் ஏறத்தாழ எல்லாமே பிணைப்பில் மாட்டிக்கொண்டிருப்பதால் மாவு ஆடியைத் தராது என்பதைச் சரியாகச் சொன்னார்கள். பிறகு அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு கொதிக்கவைத்துக் குளுக்கோஸாகப் பிளந்தார்கள், அதுவும் சரி. அந்த அமிலக் கரைசலில் நேரே டாலன்ஸ் காரணியை ஊற்றியதும் தயிர் திரிந்தது போல வெள்ளி குளோரைடு திரண்டு விழுந்தது. அமிலம் அம்மோனியாவை உறிஞ்சிக்கொண்டதால் காரணியே சிதைந்துபோயிற்று. மறுமுறை சோடியம் கார்பனேட்டால் நடுநிலையாக்கிவிட்டு ஊற்றினார்கள். அப்போதும் கலங்கலே வந்தது. நடுநிலையாக்கினால் அமிலத்தன்மை போகுமே தவிர, குளோரைடு அயனி கரைசலை விட்டு எங்கும் போவதில்லை. நீர்த்த கந்தக அமிலத்தால் பிளந்து, நடுநிலையாக்கி, வெள்ளிக்குப் பதில் தாமிரம் உள்ள பெலிங் கரைசலால் சோதித்திருந்தால் ஒரு சொட்டு வெள்ளியும் இல்லாமல் செங்கல் நிற வீழ்படிவோடு வேலை முடிந்திருக்கும். அந்தக் குழு வந்த விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதி, வராததற்குக் காரணம் "வேதிப்பொருள் பழையது" என்று சேர்த்திருந்தது. அந்த ஒரு வரியைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவது கேடு உயிரோடு விளையாடுவது. மிஞ்சிய காரணியை அடுத்த பிரிவு மாணவர்களுக்கு ஆகட்டும் என்று புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வைத்திருக்க வைத்திருக்க அதில் வெள்ளி நைட்ரைடு என்னும் கரிய பொருள் உண்டாகலாம். அது இலேசான தட்டலிலும் வெடிக்கக்கூடியது. ஓர் ஆய்வகத்தில் அலமாரியின் பின்வரிசையிலிருந்து அடியில் கறுப்புப் படிந்த அத்தகைய புட்டியை ஒருவர் எடுத்துக் குலுக்கிப் பார்க்க முனைந்தபோது, பக்கத்தில் நின்ற உதவியாளர் கையைப் பிடித்து நிறுத்தினார். சோதனைக்கு வேண்டிய சில மில்லிலிட்டரை மட்டும் அவ்வப்போது தயாரித்து, முடிந்தவுடன் நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, வெள்ளிக் கழிவுக்கான கலனில் சேர்க்க வேண்டும். பழைய புட்டி கண்ணில் பட்டால் திறக்காமல், அசைக்காமல், பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

டாலன்ஸ் சோதனைக்கு உரிய இடம் வரிசையின் பிற்பகுதியாகும். லிட்மஸ், பைகார்பனேட், சர்க்கரைக்கு மோலிஷ், கார்பனைலுக்கு 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் ஆகியவை முடிந்து, ஆல்டிஹைடா கீட்டோனா என்ற ஒரே ஐயம் மட்டும் எஞ்சும்போது வெள்ளியைச் செலவிடலாம்.

பெலிங் வரவில்லை, ஆகவே கீட்டோன்

பென்சால்டிஹைடு ஆல்டிஹைடே, ஆயினும் பெலிங் கரைசலை ஒடுக்காது. டாலன்ஸ் காரணியை ஒடுக்கும்.

முதல் விடையோடு நின்றுவிடுவது

ஃபெரிக் குளோரைடில் ஊதா நிறம் வந்ததும் "ஃபீனால்" என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவப் போகும் மாணவரின் குழாயில் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் இருக்கும். ஒரு மூலக்கூறில் இரண்டு தொகுதிகள் இருக்கலாகாது என்று எந்த விதியும் இல்லை; பைகார்பனேட்டையும் விட்டுப் பார்த்திருந்தால் அதுவே பொங்கிச் சொல்லியிருக்கும். இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. பழைய பென்சால்டிஹைடுப் புட்டியின் கழுத்தில் வெண்படிகங்கள் படிந்திருப்பதைக் காணலாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைப் பென்சாயிக் அமிலமாக மாற்றியதன் விளைவு அது. அந்தப் புட்டியிலிருந்து எடுத்த மாதிரி பைகார்பனேட்டில் இலேசாகப் பொங்கினால், அந்தப் பொங்கல் அசுத்தத்துக்கு உரியது.

புரோமின் நீர் நிறமிழந்தால் இரட்டைப் பிணைப்பு என்று முடிவுகட்டுவதும் இவ்வகையே. ஃபீனாலும் அனிலீனும் புரோமின் நிறத்தை நீக்கும். ஆனால் வெண்ணிற வீழ்படிவை விட்டுச்செல்லும், அதைப் பார்ப்பதற்குக் குழாயைச் சற்று வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும்.

அசிட்டோனில் அலசி உலர்த்திய குழாய்

அயோடோஃபார்ம் சோதனையும் 2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் சோதனையும் அந்தக் குழாயில் ஒட்டியிருக்கும் அசிட்டோனாலேயே எப்போதும் வெற்றி பெறும்.

ஐஸ் வாங்காமல் டையசோ சோதனையைத் தொடங்குவது

சேலத்து மே மாதத்தில் குழாய்நீரின் குளிர்ச்சியை நம்பாதீர்கள். 0 முதல் 5 டிகிரிக்கு மேலே போனால் இச்சோதனையில் அனிலீனிலிருந்து உண்டாகும் டையசோனியம் உப்பு நைட்ரஜனை இழந்து ஃபீனாலாகச் சிதைந்துவிடும்.

நைட்ரஜன் இருந்தால் காரம் என்று எழுதுவது

ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுப்பது இப்பகுதிக் கல்லூரிகளில் விரும்பிச் செய்யும் செயல்திட்டமாகும். காஃபீனில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருப்பதால் அது சிவப்பு லிட்மஸை நீலமாக்கும் என்று எழுதுகிறார்கள். அதன் நீர்க்கரைசல் ஏறத்தாழ நடுநிலையானது. அந்த நைட்ரஜன்களில் சிலவற்றின் தனி எலக்ட்ரான் இரட்டை பக்கத்துக் கார்பனைல் தொகுதிகளோடும், சிலவற்றினுடையது வளையத்தின் எலக்ட்ரான் மண்டலத்தோடும் பகிரப்பட்டுவிடுகிறது. அசிட்டமைடு எத்தில் அமீனைப் போல நடந்துகொள்ளாததற்கும் இதே காரணம்தான். அனிலீன் அவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

இந்தத் தவறான எண்ணம் செய்முறையையும் கெடுக்கிறது. காப்பி வடிநீரில் சோடியம் கார்பனேட் எதற்குச் சேர்க்கிறோம் என்று கேட்டால், "அமீனைத் தனிக் காரமாக விடுவிக்க" என்ற விடையே வருகிறது. காஃபீன் ஏற்கெனவே தனித்துத்தான் இருக்கிறது. காப்பியிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் முதலிய அமிலத்தன்மை உடைய பொருள்களை உப்பாக மாற்றி நீரிலேயே தங்கவைப்பதே கார்பனேட்டின் வேலை. அதனால்தான் கரைப்பானான டைகுளோரோமீத்தேனுக்குள் காஃபீன் பெரும்பாலும் தனியாக இறங்குகிறது. காரணம் தெரியாதவர் கார்பனேட்டைக் குறைத்துப் போடுகிறார், பழுப்பு நிறப் பிசினைப் பெறுகிறார். பிரிபுனலை மூர்க்கமாகக் குலுக்கினால் பிரியாத பால்மமும் உண்டாகும். மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, இடையிடையே குழாயடைப்பைத் திறந்து ஆவியை வெளியேற்ற வேண்டும். டைகுளோரோமீத்தேன் நீரைவிடக் கனமானது என்பதால் காஃபீன் கீழடுக்கில் இருக்கும். எது எந்த அடுக்கு என்ற ஐயம் வந்தால் இரண்டையும் தனித்தனிக் குடுவைகளில் வைத்து, ஒரு துளி நீரை விட்டு அது எதில் கலக்கிறது என்று பாருங்கள். கரைப்பானை ஆவியாக்கி வெண்படிகத்தைக் கண்ணால் காணும் வரை எந்த அடுக்கையும் தொட்டியில் கொட்ட வேண்டாம்.